சபையை யார் கூட்டணும்?

2024 டிசம்பர் 3, நம்ம நேரத்துக்கு சாயங்காலம் ஏழு மணி இருக்கும், டீ கிளாஸோட வந்து உக்காந்து போனை எடுத்தா தென்கொரியால ராணுவச் சட்டம்னு நியூஸ் வந்திருந்தது. வடகொரியான்னு தப்பா போட்டுட்டாங்களோன்னு நினைச்சு திரும்பப் படிச்சேன், தெற்குதான். சியோல்ல அப்ப ராத்திரி பத்தரை மணி. அதிபர் யூன் சுக் இயோல் டிவில வந்து நாடு முழுக்க ராணுவச் சட்டம்னு அறிவிச்சுட்டார். பதினோரு மணிக்கு ராணுவத்தோட முதல் ஆணை வந்துச்சு. அதுல முதல் வரியே பார்லிமென்ட் உட்பட எல்லா அரசியல் நடவடிக்கையும் தடைங்கறதுதான்.

அந்த முதல் வரியைப் பார்த்ததும் எனக்கு ஒண்ணு பட்டுச்சு. ராணுவம், போலீஸ், ஹெலிகாப்டர் எல்லாம் கையில வச்சிருக்கற ஒரு மனுஷன் முதல்ல பயப்படறது 300 பேர் ஒரு ஹால்ல உக்காந்து ஓட்டுப் போட்டுடுவாங்களோன்னுதான். ஏன்னா கொரிய அரசியல் சட்டத்தோட 77வது பிரிவுல அதிபர் ராணுவச் சட்டம் போடலாம்னு இருக்கு, அதே பிரிவுலயே பார்லிமென்ட் மொத்த உறுப்பினர்கள்ல பாதிக்கு மேல ஓட்டுப் போட்டு "எடு"ன்னு கேட்டா அவர் எடுத்தே ஆகணும்னும் இருக்கு. யோசிக்கலாம், பரிசீலிக்கலாம்னெல்லாம் கிடையாது. 300ல 151 பேர் போதும், ஆனா அந்த 151 பேரும் அந்த ஹாலுக்குள்ள வந்து சேரணும், அன்னிக்கு ராத்திரி மொத்தப் போராட்டமும் அதுக்குத்தான்.

சபாநாயகர் வூ வோன்-ஷிக்குக்கு அப்ப 67 வயசு. கேட்டை போலீஸ் அடைச்சிருந்ததால பக்கத்துல போய் வேலி ஏறிக் குதிச்சார். எதிர்க்கட்சித் தலைவர் லீ ஜே-மியுங்கும் வேலி ஏறினார், ஏறும்போதே போன்ல லைவ் போட்டு ஜனங்களே பார்லிமென்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டார். ஜனங்களும் வந்தாங்க, டிசம்பர் குளிர்ல, ஸ்வெட்டர் மாட்டிட்டு, ராணுவ வண்டிக்கு முன்னாடி போய் நின்னாங்க. ஹெலிகாப்டர்ல இறங்கின வீரர்கள் ஜன்னல் கண்ணாடியை உடைச்சு உள்ள வந்தாங்க. உள்ள இருந்த எம்.பி.க்களோட உதவியாளர்கள் மேசை, நாற்காலி, சோபான்னு கையில கிடைச்சதையெல்லாம் கதவுக்கு அண்டை கொடுத்து வச்சு, தீயணைக்கற சிலிண்டரை எடுத்து வீரர்கள் மேல அடிச்சாங்க. ஒரு கட்சியோட பெண் செய்தித் தொடர்பாளர் ஒரு வீரனோட துப்பாக்கிக் குழாயைக் கையால பிடிச்சுத் தள்ளி "வெக்கமா இல்லையா"ன்னு கத்தினாங்க, அந்த வீடியோவை அன்னிக்கு எத்தனை தடவை பார்த்தேன்னு தெரியல.

இவ்வளவுக்கும் நடுவுல ஹால்ல நடந்தது இன்னொண்ணு. எம்.பி.க்கள் சீக்கிரம் சீக்கிரம், ஓட்டுக்கு விடுங்கன்னு கத்தறாங்க, வெளிய கண்ணாடி உடையுது, சபாநாயகர் அசையல. தீர்மானம் முறைப்படி பதிவாகி சபை முன்னாடி வரட்டும், நடைமுறைல ஒரு பிழை கூட இருக்கக் கூடாதுன்னு உக்காந்திருந்தார். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நீளமா இருந்திருக்கும்! ஆனா அவர் பண்ணதுதான் சரி. அவசரத்துல கை தூக்கி முடிச்சிருந்தா விடிஞ்சதும் அது செல்லாதுன்னு ஒரு வக்கீல் வந்து நின்னிருப்பார். ராத்திரி ஒரு மணி ஒரு நிமிஷத்துக்கு ஓட்டு முடிஞ்சுது. வந்திருந்தது 190 பேர், 190 பேரும் எடுன்னு போட்டாங்க. விடியகாலை நாலரை மணிவாக்குல அதிபர் டிவில வந்து வாபஸ்னு சொன்னார். மொத்தம் ஆறு மணி நேரம்.

ஜனநாயகத்துக்கு பார்லிமென்ட் எதுக்குன்னு கேட்டா சட்டம் போட, பட்ஜெட் பாஸ் பண்ண, கேள்வி கேக்கன்னு சொல்லுவோம். எல்லாம் சரிதான், ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி வர்ற ஒரு விஷயம் இருக்கு. ஆட்சில இருக்கறவர் வேண்டாம்னு நினைக்கற நாள்லயும் அந்த சபையால தானா கூட முடியுமா? முடியும்னா மத்ததெல்லாம் உயிரோட இருக்கும். முடியாதுன்னா சட்டப் புத்தகத்துல எவ்வளவு அதிகாரம் எழுதி வச்சிருந்தாலும் அது பூட்டின பீரோல இருக்கற நகை மாதிரிதான், சாவி வேற ஆள்கிட்ட இருக்கு.

கொரியாக்காரங்களுக்கு இது சொல்லிக் கொடுத்துத் தெரிய வேண்டிய விஷயமில்ல, பட்டுத் தெரிஞ்சது. 1972 அக்டோபர்ல அப்ப அதிபரா இருந்த பார்க் சுங்-ஹீ பார்லிமென்டைக் கலைச்சுட்டு யூஷின்னு ஒரு அரசியல் சட்டம் கொண்டு வந்தார், அதுல சபையைக் கலைக்கற அதிகாரம் அதிபருக்கு, மூணுல ஒரு பங்கு எம்.பி.க்களும் அவர் சொல்ற ஆளுங்க, அரசாங்கத்தை வருஷா வருஷம் உக்கார வச்சுத் துருவிக் கேக்கற ஆய்வு அதிகாரமும் போச்சு. ஆனா கவனிங்க, சபை கேட்டா ராணுவச் சட்டத்தை எடுத்தாகணும்கற வரி அந்த யூஷின் சட்டத்துலயும் இருந்துச்சு! 1980 மே மாசம் பார்லிமென்ட் கூடி, ஏற்கெனவே அமல்ல இருந்த ராணுவச் சட்டத்தை எடுக்கறதைப் பத்திப் பேச 20ம் தேதி குறிச்சிருந்தாங்க. ஜெனரல் சுன் டூ-ஹ்வான் ஆளுங்க 17ம் தேதியே ராணுவச் சட்டத்தை நாடு முழுக்க விரிச்சு, பார்லிமென்டைச் சுத்தி படையை நிறுத்திட்டாங்க. கூட்டம் நடக்கவே இல்ல. 18ம் தேதி குவாங்ஜுல ஜனங்க எழுந்தாங்க, அங்க ஓடின ரத்தம் உலகத்துக்கே தெரியும். சட்டத்துல வரி அப்படியேதான் இருந்துச்சு, சபையைக் கூட விடலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

1987ல லட்சக்கணக்கான பேர் தெருவுல நின்னு வாங்கின புது அரசியல் சட்டத்துல சபையைக் கலைக்கற அதிகாரத்தை அதிபர்கிட்டேருந்து எடுத்துட்டாங்க, ஆய்வு அதிகாரம் திரும்ப வந்துச்சு. நாலுல ஒரு பங்கு எம்.பி. கேட்டா போதும், சபை கூடும். அடுத்த வருஷமே பழைய சர்வாதிகாரக் காலத்து ஊழலை விசாரிக்க சபைல விசாரணை வச்சு அதை டிவில நேரலையா காட்டினாங்க, கேள்வி கேட்டே பேர் வாங்கின ஒரு புது எம்.பி. ரோ மூ-ஹ்யுன் பின்னாடி அதிபரே ஆனார். ஆக 2024ல வேலி ஏறினவங்க மனசுல இதெல்லாம் இருந்துச்சு. வூ வோன்-ஷிக் தலைமுறை 1980ஐ இளவயசுல பார்த்தவங்க.

இந்த சாவிச் சண்டை ரொம்ப பழசு, இங்கிலாந்துல நானூறு வருஷம் முன்னாடியே நடந்தது. 1629 மார்ச்ல ராஜா முதலாம் சார்லஸ் சபையை ஒத்திவைக்கச் சொல்லி அனுப்பினார். அப்ப சபாநாயகர்னா பாதி ராஜாவோட ஆள். ஜான் ஃபின்ச்னு பேர், ராஜா சொன்னபடி எழுந்து போகப் பார்த்தார், ரெண்டு எம்.பி.க்கள் அவரைத் தோளைப் பிடிச்சு அமுக்கி நாற்காலிலயே உக்கார வச்சுட்டாங்க. கதவைப் பூட்டிட்டு, அவர் அழ அழ தீர்மானத்தை நிறைவேத்தினாங்க. எதுக்கு அமுக்கணும்னா சபாநாயகர் எழுந்துட்டா சபை முடிஞ்சுது. அதுக்கப்புறம் சார்லஸ் பதினோரு வருஷம் சபையைக் கூப்பிடவே இல்ல. கப்பல் வரி அது இதுன்னு சபையைக் கேக்காமலே வசூல் பண்ணிட்டு ஓட்டினார், ஸ்காட்லாந்தோட சண்டை வந்து கஜானா காலியானப்பதான் 1640ல கூப்பிட்டார். கூப்பிட்டதும் அவங்க முதல்ல பார்த்த காரியங்கள்ல ஒண்ணு, மூணு வருஷத்துக்குள்ள ராஜா கூப்பிடலைன்னா சபை தானே கூடிக்கும்னு 1641ல ஒரு சட்டம்.

1642 ஜனவரி 4ம் தேதி அதே ராஜா ஆயுதம் தாங்கின ஆளுங்களோட சபைக்கே வந்து சபாநாயகர் நாற்காலில உக்காந்து, அஞ்சு எம்.பி.க்கள் எங்கன்னு கேட்டார். இப்ப சபாநாயகர் வில்லியம் லென்தால். அவர் முழங்கால் போட்டு, மரியாதையாதான் சொன்னார்: இந்த இடத்துல சபை சொன்னா ஒழிய எனக்குப் பாக்கக் கண்ணும் கிடையாது, பேச நாக்கும் கிடையாது, நான் சபையோட வேலைக்காரன். பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்த அதே நாற்காலி! லென்தால் பெரிய வீரர்னு வரலாறு சொல்லல, அன்னிக்கு அந்த நாற்காலி யாருக்குச் சொந்தம்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது, அவ்வளவுதான். வூ வோன்-ஷிக் அசையாம உக்காந்திருந்ததைப் பார்த்தப்ப எனக்கு லென்தால் ஞாபகம்தான் வந்துச்சு.

இங்கிலாந்துல இந்தக் கதை அதோட முடியல. 2019ல பிரெக்ஸிட் குழப்பத்துக்கு நடுவுல பிரதமர் போரிஸ் ஜான்சன் அஞ்சு வாரம் சபையை ஒத்திவைக்கச் சொல்லி ராணிக்கு ஆலோசனை கொடுத்தார், செப்டம்பர் 24ம் தேதி சுப்ரீம் கோர்ட்டோட 11 நீதிபதிகளும் ஒரே குரலா அது சட்டவிரோதம்னு சொல்லி, ஒத்திவைப்பே நடக்காத மாதிரி ஆக்கிட்டாங்க, மறுநாளே சபை கூடுச்சு. அதைவிட எனக்கு முக்கியமா படறது அதே மாசம் 3ம் தேதி நடந்தது. ஆளுங்கட்சிக்காரங்களே 21 பேர் சொந்தப் பிரதமருக்கு எதிரா ஓட்டுப் போட்டாங்க, சர்ச்சிலோட பேரன் நிக்கோலஸ் சோம்ஸும் அதுல ஒருத்தர். கட்சி அவங்களை வெளிய தள்ளுச்சு. ஆனா எம்.பி. பதவி போகல.

அங்கதான் ரெண்டாவது விஷயம் வருது. சபை கூடினா மட்டும் போதாது, கூடினவங்க கை அவங்க கையா இருக்கணும். கொரியால அன்னிக்கு ராத்திரி 190ல 18 பேர் அதிபரோட சொந்தக் கட்சி. எதிர்க்கட்சிக்கே மெஜாரிட்டி இருந்ததால அந்த 18 இல்லாமலும் கணக்கு வந்திருக்கும், ஆனா அவங்க வந்ததாலதான் இது எதிர்க்கட்சி வேலைன்னு யாரும் சொல்ல முடியாம போச்சு. அந்தக் கட்சியோட எம்.பி.க்கள் நிறைய பேர் அந்த நேரத்துல கட்சி ஆபீஸ்ல இருந்தாங்க, சபைக்கு வரல. கொரியச் சட்டத்துல எம்.பி. கட்சி சொல்றதுக்குக் கட்டுப்படாம மனசாட்சிப்படி ஓட்டுப் போடலாம்னு எழுதியே வச்சிருக்கு. நம்ம நாட்டுல 1985ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டா பதவி போயிடும். ஆள் வாங்கி ஆட்சியைக் கவுக்கறதைத் தடுக்கத்தான் அந்தச் சட்டம், நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன், ஆனா ஒரு சாதாரண மசோதாவுக்குக் கூட தன் தொகுதி ஜனங்களுக்கு இது ஆகாதுன்னு ஒரு எம்.பி.யால எதிர்த்து ஓட்டுப் போட முடியாதுன்னா சபைல 543 பேர் எதுக்கு, கட்சிக்கு ஒருத்தர் போதுமே. நம்பிக்கை ஓட்டுக்கும் பட்ஜெட்டுக்கும் மட்டும் இந்தக் கட்டுப்பாட்டை வச்சுக்கிட்டு மத்ததுக்கு விட்டுடலாம்கறது என் கருத்து.

எல்லா இடத்துலயும் ஜனங்க வேலி ஏறி வர மாட்டாங்க. துனிசியாவைப் பாருங்க. அரபு வசந்தம் ஆரம்பிச்ச நாடு, 2014ல நல்ல அரசியல் சட்டம் எழுதினாங்க. 2021 ஜூலை 25ம் தேதி அதிபர் கைஸ் சயீத் 80வது பிரிவுன்னு சொல்லி சபையை முடக்கினார். அந்த 80வது பிரிவைப் படிச்சா நெருக்கடி முடியற வரைக்கும் சபை தொடர்ந்து கூடியிருக்கறதாதான் கருதணும், கலைக்கக் கூடாதுன்னு இருக்கு. அதாவது எந்தப் பிரிவை வச்சு சபையை மூடினாரோ அதே பிரிவு திறந்து வைன்னு சொல்லுது. ராத்திரியே சபாநாயகர் ராஷித் கன்னூஷி பார்லிமென்ட் வாசலுக்கு வந்தார், எண்பது வயசுக்காரர், கேட்டுக்குப் பின்னாடி ராணுவம், திறக்க மாட்டோம்னுட்டாங்க. கார்லயே உக்காந்திருந்துட்டுத் திரும்பிப் போனார்.

சியோல்ல வந்த ஜனங்க துனிஸ்ல ஏன் வரல? அங்கயும் தெருவுக்கு வந்தாங்க, ஆனா சபை போச்சுன்னு கொண்டாட வந்தாங்க. இதை மறைச்சு எழுதறதுல அர்த்தமில்ல. கொரோனால சனங்க ஆஸ்பத்திரில ஆக்ஸிஜனுக்கு அல்லாடிட்டிருந்தப்ப, சபைல ஒரு பெண் எம்.பி.யை இன்னொரு எம்.பி. கேமரா முன்னாடியே அறைஞ்சார். வேலை இல்ல, விலைவாசி ஏறுது, இவங்க உள்ள அடிச்சுக்கறாங்க. இன்னும் பெரிய தப்பு, ஒரு வருஷத்துக்குள்ள அமைக்க வேண்டிய அரசியல் சட்ட நீதிமன்றத்துக்கு சபை தேர்ந்தெடுக்க வேண்டிய நாலு நீதிபதிகள்ல ஏழு வருஷமாகியும் ஒருத்தரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாங்க. 80வது பிரிவை அதிபர் தப்பா படிக்கறார்னு சொல்ல ஒரு கோர்ட்டே இல்ல. 2022 மார்ச் 30ம் தேதி எம்.பி.க்கள் ஆன்லைன்ல கூடினாங்க, 217ல 116 பேர் அதிபரோட உத்தரவையெல்லாம் ரத்து பண்ணி ஓட்டுப் போட்டாங்க. மெஜாரிட்டிதான். அன்னிக்கே அவர் சபையைக் கலைச்சார், கூடினவங்க மேல விசாரணை வந்துச்சு. அந்த டிசம்பர்ல நடந்த புது சபைத் தேர்தல்ல ஓட்டுப் போட்டது நூத்துக்குப் பதினொரு பேர் அளவுதான்.

இலங்கைக் கதை நம்ம பலபேருக்கு ஞாபகம் இருக்கும். 2018 அக்டோபர் 26ம் தேதி அதிபர் மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணிலைத் தூக்கிட்டு மகிந்தவைப் பிரதமராக்கினார், மறுநாளே சபையை ஒத்திவச்சார். கவனிங்க, மெஜாரிட்டி இருக்கான்னு எண்ணிப் பார்க்கற ஒரே இடத்தைத்தான் முதல்ல மூடினார். அப்புறமும் ஆள் சேரல, நவம்பர் 9ம் தேதி கலைச்சே விட்டார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்புத் தலைவர் சம்பந்தன் ஐயா உட்பட பலர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க, கோர்ட் தடை போட்டதும் சபை கூடுச்சு. 16ம் தேதி நடந்தது கொடுமை, சபாநாயகர் நாற்காலியை ஒரு கூட்டம் பிடிச்சுக்கிச்சு, மிளகாய்ப் பொடி வீசினாங்க, சபாநாயகர் கரு ஜயசூரிய போலீஸ் சூழ உள்ள வந்து மைக்கைக் கையில வச்சுக்கிட்டு ஓட்டை நடத்தினார். டிசம்பர் 13ம் தேதி ஏழு நீதிபதிகளும் ஒருமனசா கலைச்சது செல்லாதுன்னு தீர்ப்பு. நாலரை வருஷம் ஆகற வரைக்கும், மூணுல ரெண்டு பங்கு சபையே கேட்டாலொழிய கலைக்கக் கூடாதுன்னு 19வது திருத்தத்துல இருந்த வரிதான் காப்பாத்துச்சு. அந்த வழக்கு இன்னிக்கும் சம்பந்தன் பேர்லதான் இருக்கு. தமிழருக்கு அந்த சபை எவ்வளவு தந்ததுங்கறது வேற கணக்கு, வலியான கணக்கு, ஆனாலும் அந்த சபை சாகக் கூடாதுன்னு கோர்ட் படி ஏறினவங்கள்ல முன்னாடி நின்னவர் அவர். 2020ல 20வது திருத்தம் அந்த நாலரை வருஷத்தை ரெண்டரையா குறைச்சுடுச்சு.

நம்ம இந்தியால சாவி யார்கிட்ட? அரசியல் சட்டம் 85வது பிரிவுப்படி ஜனாதிபதி கூட்டுவார், நடைமுறைல மந்திரிசபை சொல்ற தேதில. ஒரே கட்டுப்பாடு ரெண்டு கூட்டத்தொடருக்கு நடுவுல ஆறு மாசம் தாண்டக் கூடாது. ஜெர்மனில மூணுல ஒரு பங்கு எம்.பி. கேட்டா சபையைக் கூட்டியே ஆகணும், நம்மகிட்ட அப்படி ஒரு வழி இல்ல. முதல் லோக்சபா வருஷத்துக்கு சராசரி 135 நாள் உக்காந்தது, 17வது லோக்சபா 55 நாள். நாள் குறைஞ்சா மசோதா குறையாது, அதைப் படிக்கற நேரம்தான் குறையும். கூடினாலும் 1975 மாதிரி ஆகலாம். எமர்ஜென்சில ஜூலை மாசம் சபை கூடத்தான் கூடுச்சு, எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் ஜெயில்ல, கேள்வி நேரம் ரத்து. பிரதமரோட தேர்தலை கோர்ட் கேள்வி கேக்க முடியாதபடி 39வது திருத்தம் ஆகஸ்ட்ல ரெண்டே நாள்ல ரெண்டு சபையிலயும் ஓடிப் போச்சு. ஒரு எம்.பி. எழுந்து நின்னு மந்திரி இதுக்கு பதில் சொல்லுங்கன்னு கேக்கற அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துட்டா மிச்சம் கையெழுத்துதான். 2020 செப்டம்பர்லயும் கொரோனான்னு சொல்லி கேள்வி நேரத்தை எடுத்தாங்க. இங்கிலாந்துல அதே வருஷம் திரைல வந்தாவது மந்திரிகளைக் கேள்வி கேட்டாங்க, நம்மளால முடியாதுன்னு எப்படி ஒத்துக்கறது?

கொரியால அப்புறம் நடந்தது இவ்வளவுதான். டிசம்பர் 7ம் தேதி அதிபரைப் பதவி நீக்கற தீர்மானம் தோத்துச்சு, 200 ஓட்டு வேணும், ஆளுங்கட்சி வெளிநடப்பு பண்ணதால சபைல இருந்ததே 195 பேர். எதிர்க்கட்சிக்காரங்க வெளிய போனவங்களை ஒவ்வொருத்தரா பேர் சொல்லித் திரும்பி வாங்கன்னு கூப்பிட்டாங்க, சபாநாயகர் ராத்திரி ஒன்பது மணி தாண்டியும் ஓட்டை முடிக்காமக் காத்திருந்தார். அடுத்த சனிக்கிழமை 204 பேர் நீக்குன்னு போட்டாங்க. 2025 ஏப்ரல் 4ம் தேதி அரசியல் சட்ட நீதிமன்றம் எட்டு பேரும் ஒருமனசா யூனை நீக்கினாங்க. ஜூலைல சபை ராணுவச் சட்டத்துக்கே ஒரு திருத்தம் போட்டுச்சு: சபாநாயகர் சம்மதம் இல்லாம ராணுவமோ போலீஸோ பார்லிமென்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது, எம்.பி.யையும் சபை ஊழியரையும் யாரும் வாசல்ல மறிக்கக் கூடாது. 1980 மே மாசம் வேண்டியிருந்தது இந்த ரெண்டு வரிதான், எழுதி முடிக்க நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு.